மருத்துவரை அடிக்கடி பார்க்க இயலாதவர்கள் மாற்று உணவு முறையைப் பாதுகாப்பாகக் கடைப்பிடிப்பது எப்படி?

புரதமும் வைட்டமின்களும் தாது உப்புகளும் அளவறிந்து சேர்க்கப்பட்ட மாவைப் பாலிலோ தண்ணீரிலோ கரைத்து, ஒரு வேளை உணவுக்குப் பதிலாகக் குடித்து எடை குறைக்கும் முறை இன்று சிற்றூர் மருந்துக் கடைகள் வரை வந்துவிட்டது. ‘மீல் ரீப்ளேஸ்மென்ட்’ என்றும் ‘ஷேக்’ என்றும் விற்கப்படும் இந்த மாற்று உணவுகளைப் பற்றிய ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் நம்பிக்கை தருபவைதான். ஆனால் அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களை ஒரு செவிலியரோ உணவியல் நிபுணரோ தொடர்ந்து நேரில் பார்த்து வந்தார். நம்மில் பலருக்கோ இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, அதுவும் நெரிசல் மிகுந்த புறநோயாளிகள் பிரிவில், ஐந்து நிமிடம்தான் மருத்துவர் கிடைக்கிறார். அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

உணவை எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் அவசரம் முடிவு செய்யக் கூடாது. உங்களுக்குக் கிடைக்கும் மருத்துவக் கண்காணிப்பின் அளவே அதை முடிவு செய்ய வேண்டும். இந்த முறையில் நேரும் பெரிய ஆபத்துகளில் பல, டப்பாவில் உள்ள மாவினால் வருவன அல்ல. உணவு பாதியாகக் குறைந்த பிறகும் பழைய அளவிலேயே விழுங்கப்படும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளினால் வருவன. இந்த உண்மையை ஒருவர் புரிந்துகொண்டால், கீழே சொல்லப்படும் மற்ற எச்சரிக்கைகள் எல்லாம் எதற்காக என்பது அவருக்குத் தானாகவே விளங்கும்.

எவ்வளவு குறைக்கலாம்

இத்துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு, பிரிட்டனில் ராய் டெய்லர், மைக்கேல் லீன் ஆகிய இரு பேராசிரியர்களின் தலைமையில் நடந்து 2017-இல் வெளியான ‘டைரக்ட்’ ஆய்வு. நீரிழிவு கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகளுக்கு மேற்படாத 306 பேர் அதில் பங்கேற்றனர். மாற்று உணவுக் குழுவில் இருந்தவர்கள் மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி தரும் பானங்களை மட்டுமே உட்கொண்டனர். ஓராண்டின் முடிவில் அக்குழுவில் 46 விழுக்காட்டினர், மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே வந்திருந்தனர். இந்தச் செய்தியைப் பலரும் அறிவர். ஆனால் தொடக்க நாளிலேயே அவர்களுடைய சர்க்கரை மாத்திரைகளும் இரத்த அழுத்த மாத்திரைகளும் மருத்துவக் குழுவினரால் நிறுத்தப்பட்டன என்பதும், தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் உரிய நேரத்தில் அவை மீண்டும் தரப்பட்டன என்பதும், இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை என்பதும் அந்த அளவுக்குப் பரவவில்லை. இவற்றை விட்டுவிட்டு, 850 கலோரி என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டில் தொடங்குவது ஆபத்தானது.

கண்காணிப்பில்லாத கடுமையான குறைப்பு என்ன செய்யும் என்பதற்கு 1970-களின் அமெரிக்காவே சான்று. அங்கே ‘திரவப் புரதம்’ என்ற பெயரில் விற்கப்பட்ட, விலங்குகளின் தோல், தசைநார் ஆகியவற்றிலிருந்து பிரித்த மட்டமான புரதத்தை மட்டுமே குடித்து மாதக்கணக்கில் இருந்தவர்களில் சுமார் 60 பேர் இறந்ததாக 1977, 1978 ஆண்டுகளில் பதிவாயிற்று. அவர்களில் பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகித் திடீர் மரணம் நேர்ந்தது. பிற்பாடு, 1995-இல், கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பு, நாளொன்றுக்கு 450 முதல் 800 கலோரி தரும் மிகக் குறைந்த ஆற்றல் உணவுகளில் குறைந்தது 50 கிராம் தரமான புரதம் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. அத்தகைய உணவுகளை மருத்துவக் கண்காணிப்பில்தான் உட்கொள்ள வேண்டும் என்பதும் அத்தரத்தின் பகுதி.

ஆகவே என் கணிப்பு இது. 800 கலோரிக்குக் கீழே செல்லும் எந்தத் திட்டத்தையும் வீட்டில் தனியாகத் தொடங்க வேண்டாம். மூன்று வேளையும் பானம் மட்டுமே குடிக்கும் 800 முதல் 900 கலோரித் திட்டத்தை, தொடங்கும் முன் மாத்திரைகளை மாற்றித் தரவும், அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது தொலைபேசியில் கேட்கவும் ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டால் மட்டுமே தொடங்கலாம். அந்த வசதி இல்லாதவர்களுக்கு ஏற்றது, ஒரு வேளையையோ இரண்டு வேளையையோ மட்டும் பானமாக மாற்றி, மீதி வேளையை வீட்டுச் சாப்பாடாகவே வைத்துக்கொண்டு, நாளின் மொத்தம் 1,200 கலோரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளும் முறை. எடை இறங்கும் வேகம் இதில் குறைவுதான். ஆனால் ஏதேனும் பிசகினால் அதைக் கவனித்துத் திருத்துவதற்கு நாட்கள் இருக்கும். தொலைவில் இருக்கும் நோயாளிக்கு அந்த அவகாசம் பெரிய பாதுகாப்பு. இனி வரும் பகுதிகள் இந்தப் பகுதி மாற்று முறையைப் பற்றியவை.

தொடங்கவே கூடாதவர்கள்

கருவுற்றிருப்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயது நிரம்பாதவர்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், கடந்த ஆறு மாதங்களுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள், கல்லீரல் சுருங்கியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், மனநலத்துக்காக லித்தியம் உட்கொள்பவர்கள் ஆகியோர் மருத்துவரின் நேரடிப் பொறுப்பில் அல்லாமல் இதில் இறங்கக் கூடாது. பித்தப்பைக் கல்லோ, யூரிக் அமிலத்தால் வரும் ‘கௌட்’ என்னும் கீல்வாதமோ முன்பு இருந்தவர்களும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் எடை வேகமாக இறங்கும்போது இரண்டுமே மீண்டும் தலையெடுக்கக்கூடும். 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கொழுப்போடு தசையும் கரைந்து, விழுந்து எலும்பு முறியும் வாய்ப்பு கூடுகிறது என்பதால் அவர்களுக்கும் தனிக் கவனம் வேண்டும்.

பட்டினி கிடப்பது, பின்பு கட்டுக்கடங்காமல் உண்பது, உண்டதை வாந்தி எடுப்பது போன்ற பழக்கம் எப்போதாவது இருந்தவர்களுக்கு இந்த முறை பழைய புண்ணைக் கிளறிவிடும். அவர்களுக்கு இது வேண்டாம் என்றே சொல்வேன். இன்னொரு கூட்டத்தாரும் உண்டு: குறைக்க வேண்டிய எடையே இல்லாதவர்கள். ஆசிய உடல்வாகுக்கு பிஎம்ஐ (கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 23-ஐத் தாண்டினால் கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினால் உடல்பருமன் என்று இந்திய மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 25 என்பது 64 கிலோ. திருமணத்துக்கு முன் நான்கு கிலோ இறக்க வேண்டும் என்பதற்காக 56 கிலோப் பெண் ஒருவர் மாற்று உணவைத் தேடத் தேவையில்லை.

மாத்திரைகளைப் பற்றி முதலில் பேசுங்கள்

மாவு வாங்கும் முன்பே, நீங்கள் உட்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும் மேசையில் பரப்பி வையுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது நிறுவனம் வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர். அதைத்தான் படிக்க வேண்டும், ஏனெனில் ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்திருப்பது இப்போது சர்வசாதாரணம்.

கிளிபென்கிளாமைடு, கிளிமிபிரைடு, கிளிக்லாசைடு ஆகிய பெயர்களில் ஒன்று தெரிந்தால் நின்று கவனியுங்கள். இவை நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. மூன்று தோசை இருந்த இடத்தில் 220 கலோரிப் பானம் வந்த அன்றைக்கே, அதே மாத்திரை சர்க்கரையை 70-க்குக் கீழே தள்ளிவிடலாம். இன்சுலின் ஊசிக்கும் இதுவே பொருந்தும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று கேட்க வேண்டும்.

டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்ற ‘ஃப்ளோசின்’ என்று முடியும் மருந்துகள், விலை குறைந்த பிறகு நம் ஊர்களில் பரவலாக எழுதப்படுகின்றன. இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. மாவுச்சத்து திடீரென்று குறையும்போது இவற்றோடு சேர்ந்து இரத்தத்தில் அமிலம் தேங்கக்கூடும், அதுவும் குளுக்கோமீட்டரில் சர்க்கரை ஏறக்குறைய இயல்பாகத் தெரியும்போதே அப்படி நேரலாம். எண்ணைப் பார்த்து ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று வீட்டார் நிம்மதியாக இருக்க, நோயாளி குமட்டலும் வயிற்றுவலியும் மூச்சிரைப்புமாகத் தளர்ந்துகொண்டே போவார். ஆகையால் இந்த மருந்தில் இருப்பவர்கள், மருத்துவர் அதைப் பற்றி முடிவு சொல்லும் வரை மாற்று உணவைத் தொடங்கவே கூடாது. மருந்தைத் தாமாக நிறுத்துவதும் சரியன்று, ஏனெனில் அது இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ கூட எழுதப்பட்டிருக்கலாம்.

இரத்த அழுத்த மாத்திரைகளைப் பொறுத்தவரை, உணவு குறைந்த முதல் இரண்டு வாரங்களில் உடலிலிருந்து உப்பும் நீரும் மிகுதியாக வெளியேறுகின்றன. நீரை வெளியேற்றும் ஹைட்ரோகுளோரோதையசைடு, ஃப்யூரோசமைடு போன்றவை அப்போது இரட்டிப்பாக வேலை செய்யும். எழுந்து நின்றால் கண் இருட்டும். மாத்திரைப் பெயரின் இறுதியில் ‘எச்’ என்ற எழுத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அதற்குள் ஹைட்ரோகுளோரோதையசைடு இருக்கும். டெல்மிசார்டான், எனலாப்ரில் வகை மருந்தும் நீர் மாத்திரையும் சேர்த்து உட்கொள்பவர்கள் மூட்டுவலிக்காகக் கடையில் கேட்டு வாங்கும் டைக்குளோஃபெனாக்கைத் தவிர்த்தே ஆக வேண்டும். நீர் வற்றிய உடலில் இம்மூன்றும் கூடினால் சிறுநீரகம் சில நாட்களிலேயே பாதிக்கப்படலாம். அடினோலால், மெட்டோபிரோலால் உட்கொள்பவர்களுக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும். காரணமில்லாமல் வியர்த்தால் அவர்கள் உடனே சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் உட்கொள்பவர்கள், இம்மாவுகளில் சேர்க்கப்படும் வைட்டமின் கே மருந்தின் வேகத்தை மாற்றிவிடும் என்பதால், தொடங்கிய ஒன்றிரண்டு வாரங்களில், இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்தாக வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் மாவுக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. மாவில் உள்ள கால்சியமும் இரும்பும் சோயாவும் அம்மாத்திரையை உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. தைராய்டு உள்ளவர்கள் காலை உணவை வழக்கம்போல் உண்டு, மதியத்தையும் இரவையும் பானமாக மாற்றிக்கொள்வது எளிய வழி.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதிலிருந்து, தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. மிகப் பெரிய உதவி அது. ஆனால் மாத்திரை வீடு தேடி வரும்போது, அளவை மாற்ற வேண்டிய நேரத்தில் மருத்துவர் முன் நிற்பது தள்ளிப்போய்விடுகிறது. உணவு முறையை மாற்றப் போகிறீர்கள் என்றால், வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் அதைச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லும் நாளை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். நேரில் செல்ல இயலாவிட்டால் இ-சஞ்சீவனி என்னும் அரசின் இலவசத் தொலைமருத்துவ வசதியும் 104 உதவி எண்ணும் இருக்கின்றன.

ஐந்து நிமிடத்தை முழுமையாகப் பயன்படுத்துவது

மருத்துவரிடம் வாய்மொழியாகச் சொல்லத் தொடங்கினால் பாதி மறந்துவிடும். ஒரே தாளில் இப்படி எழுதிச் செல்லுங்கள்: “வயது 47, எடை 82 கிலோ, உயரம் 162 செ.மீ. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை. கிளிமிபிரைடு 2 மி.கி. காலையில், மெட்ஃபார்மின் 500 இரு வேளை, டெல்மிசார்டான் 40 காலையில். வரும் மாதம் முதல் காலையும் இரவும் மாற்று உணவு, மதியம் வீட்டுச் சாப்பாடு, மொத்தம் 1,200 கலோரி. முதல் நாளில் எந்த மாத்திரையைக் குறைக்க வேண்டும்? சர்க்கரை எந்த எண்ணுக்குக் கீழே போனால், இரத்த அழுத்தம் எந்த எண்ணுக்குக் கீழே போனால், எதை நிறுத்த வேண்டும்? யாரிடம் சொல்ல வேண்டும்?” அந்தத் தாளிலேயே பதிலை எழுதி வாங்குங்கள். எழுத்தில் பதில் இல்லாமல், கிளிமிபிரைடோ இன்சுலினோ உட்கொள்பவர் யாரும் தொடங்கக் கூடாது.

தொடங்கும் முன் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது), கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டுவது), சோடியம், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை, யூரிக் அமிலம், ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. நாற்பதைக் கடந்தவர்கள் ஒரு இசிஜியும் எடுத்துக்கொள்ளலாம். இவற்றில் பெரும்பாலானவை அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கும். நான்கு முதல் ஆறு வாரத்தில் கிரியாட்டினினையும் உப்புகளையும் மறுபடி பார்க்க வேண்டும்.

டப்பாவின் பின்பக்கம்

கோடெக்ஸ் தரத்தின்படி ஒரு வேளைக்கான மாற்று உணவு 200 முதல் 400 கலோரி தர வேண்டும். அதில் கால் பங்கிலிருந்து பாதி வரை புரதத்திலிருந்து வர வேண்டும். அதாவது 200 கலோரிப் பானத்தில் 12 அல்லது 13 கிராமுக்குக் குறையாத புரதம். வைட்டமின்களும் தாதுக்களும் நீண்ட பட்டியலாக இருக்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும், பாலிலிருந்து பிரித்த ‘வே’ புரதத்தில் பெரும்பாலும் இவை இருப்பதில்லை. அது புரதம் மட்டுமே, ஒரு வேளை உணவு அன்று. நம் வீட்டுச் சத்துமாவுக் கஞ்சியும் நல்ல உணவுதான், ஆனால் 30 கிராம் மாவில் நூறு கலோரியும் மூன்று நான்கு கிராம் புரதமும்தான் இருக்கும் என்பதால், அதை மட்டும் இரு வேளை குடித்தால் தசை கரையும், பசியும் அடங்காது.

எந்தப் பாலில் கலக்கிறீர்கள் என்பதும் கணக்கை மாற்றும். டப்பாவில் அச்சிட்ட எண் பெரும்பாலும் கொழுப்பு நீக்கிய பாலையோ தண்ணீரையோ வைத்துச் சொல்லப்பட்டது. ஆவின் நீல நிறப் பாக்கெட்டில் கொழுப்பு 3 விழுக்காடு, ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் 6 விழுக்காடு. 300 மில்லிக்கு முன்னது சுமார் 175 கலோரி, பின்னது 255-ஐத் தொடும். கரண்டியைக் குவித்து அள்ளாமல் தட்டி மட்டமாக்கி அளக்க வேண்டும் என்பதையும், தேனோ வாழைப்பழமோ சேர்த்தால் அதுவும் கணக்கில் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் இல்லாத மாவையும், பெயரில்லாத வெள்ளை டப்பாவில் ‘மூலிகை’ என்று தரப்படும் பொடியையும் தொடவே வேண்டாம். இதயத்துக்குக் கேடு என்று 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்டு, 2011-இல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, இவ்வகை எடை குறைப்புப் பொடிகளில் ரகசியமாகக் கலக்கப்பட்டிருந்தது உலகின் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. குடித்த அன்றே பசி அறவே அற்றுப்போய், நெஞ்சு படபடத்து, தூக்கமும் கெட்டால் அந்தப் பொடியைச் சந்தேகியுங்கள். மாவு விற்பவரே ‘பயிற்றுநர்’ என்ற பெயரில் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், அவர் சொல்லைக் கேட்க வேண்டாம். விற்பனைக் கமிஷன் பெறுபவர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்கள் மாத்திரை அளவை முடிவு செய்யும் தகுதி பெற்றவர் அல்லர்.

நாள் முறை

முதல் வாரம் இரவு உணவை மட்டும் மாற்றுங்கள். நம் வீடுகளில் ஒன்பது மணிக்கு மேல் உண்ணும் தோசையும் பரோட்டாவும்தான் பலருக்கு எடையைக் கூட்டுகின்றன. அதை எடுத்துவிடுவது மட்டுமே கணிசமான மாற்றம். உடல் ஏற்றுக்கொண்டால் இரண்டாம் வாரம் காலையையும் மாற்றலாம். மதியச் சாப்பாட்டைக் கைவிட வேண்டாம் (தைராய்டு மாத்திரை உட்கொள்பவர்களுக்கு, மேலே சொன்னபடி, காலை உணவே அந்த ஒரு வேளை). ஒரு கிண்ணம் சோறு, பருப்போ மீனோ முட்டையோ ஒரு பங்கு, தட்டில் பாதி காய்கறி, சமையலுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் என்று சுமார் 500 கலோரி வரட்டும். அந்த எண்ணெயையும் பயந்து நீக்கிவிடாதீர்கள்: நாளில் ஒரு வேளையாவது பத்து கிராம் அளவில் கொழுப்பு சேர்ந்தால்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றும், இல்லாவிட்டால் அது தேங்கிக் கல்லாகும் வாய்ப்பு கூடும். மாலையில் ஒரு கைப்பிடி சுண்டலும் ஒரு கொய்யாவும், இடையில் உப்பிட்ட நீர்மோரும் சேர்த்தால் மொத்தம் 1,200 கலோரியும் 55 முதல் 60 கிராம் புரதமும் கிடைக்கும். உயரமான ஆண்களும் உடலுழைப்பு உள்ளவர்களும் 1,500 வரை வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் இரண்டு முதல் இரண்டரை லிட்டர் வேண்டும். கத்திரி வெயில் காலத்தில் வயலிலோ கட்டட வேலையிலோ இருப்பவர்கள் இதைத் தொடங்காமல் வெயில் தணியும் வரை பொறுத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை, சஷ்டி என்று விரதம் இருப்பவர்கள் அன்று மாற்று உணவையும் விட்டுவிட்டு முழுப் பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரை மாத்திரை உட்கொள்பவர்களுக்கு அது மிகவும் ஆபத்து. ஆட்டோ, பேருந்து, லாரி ஓட்டுபவர்கள் மாத்திரை அளவு மாறிய முதல் இரு வாரங்கள், வண்டியை எடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். இரவில் இசப்கோல் ஒரு தேக்கரண்டியை ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு குடித்தால் போதும். வாய் நாற்றம், குளிர் உணர்வு, தலைவலி ஆகியவை முதல் வாரங்களில் வந்து தணிபவை. இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டலாம். புரதமும் இரும்பும் போதிய அளவு இருந்தால் அது மீண்டும் வளரும். மாதவிடாய் ஒழுங்கற்றிருந்த பெண்களுக்கு எடை இறங்கியதும் கரு தங்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், கருத்தடை வேண்டுவோர் அதை முன்பே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

வீட்டில் அளந்து எழுத வேண்டியவை

கையின் மேற்பகுதியில் கட்டும் இரத்த அழுத்தக் கருவி, எடை பார்க்கும் கருவி, சர்க்கரை உள்ளவர்களுக்குக் குளுக்கோமீட்டர், ஒரு நோட்டு ஆகியவை போதும். இரத்த அழுத்தத்தை ஐந்து நிமிடம் அமர்ந்த பின் ஒரு முறையும், எழுந்து நின்ற இரண்டாவது நிமிடத்தில் ஒரு முறையும் பாருங்கள். மேல் எண் நிற்கும்போது 20 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ, 100-க்குக் கீழே இருந்தாலோ, அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முதல் மாதம் தினமும், பின்பு வாரம் இரு முறை பார்த்தால் போதுமானது. கிளிமிபிரைடு வகையிலோ இன்சுலினிலோ இருப்பவர்கள் வெறும் வயிற்றிலும் இரவுப் பானத்துக்கு முன்பும் தினமும் சர்க்கரை பார்க்க வேண்டும்.

70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸ் பவுடரையோ அரைத் தம்ளர் நீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறாவிட்டால் மறுபடி குடியுங்கள். ஏறிய பிறகு இரண்டு இட்லியோ பிஸ்கெட்டோ சாப்பிடுங்கள். கிளிபென்கிளாமைடு உட்கொண்டவருக்கு ஒரு முறை ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கக்கூடும் என்பதால் அன்றிரவு தனியாகப் படுக்கவிடாமல், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே நல்லது. மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

எடையை வாரம் ஒரு முறை, அதே கிழமை, காலையில் பாருங்கள். முதல் வாரத்தில் இறங்கும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் கண்டு இன்னும் குறைக்கலாம் என்று துணிய வேண்டாம். அதன்பின் வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ இறங்கினால் சரியான வேகம். இரண்டு வாரம் தொடர்ந்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் உணவைக் கூட்டுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

மயக்கம் போட்டு விழுதல், நெஞ்சுவலி, இதயம் விட்டுவிட்டுத் துடிப்பது போன்ற உணர்வு, நிற்காத வாந்தி, மூச்சு வேகமாக வாங்குதல், குழப்பமான பேச்சு, சிறுநீர் மிகக் குறைந்துபோதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் மாற்று உணவை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலது விலா எலும்புக்குக் கீழே தொடங்கித் தோள்பட்டைக்குப் பரவும் வலி, காய்ச்சலோடோ கண் மஞ்சளோடோ வந்தால் அது பித்தப்பையின் எச்சரிக்கை. வாயுத் தொல்லை என்று இஞ்சிச் சாறு குடித்துக் காத்திருக்க வேண்டாம். கால் பெருவிரல் சிவந்து வீங்கினால் அது யூரிக் அமிலம் கூடியதன் அறிகுறி. காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்ற சாதாரண நோய் வந்த நாட்களிலும் எடை குறைப்பை ஒதுக்கி வைத்துவிட்டுக் கஞ்சியும் ரசமுமாக இயல்பாக உண்ணுங்கள். அந்நாட்களில் நீர் மாத்திரை, மெட்ஃபார்மின், ‘ஃப்ளோசின்’ ஆகியவற்றை என்ன செய்வது என்பதையும் அந்த ஒரு தாளில் முன்பே கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

வழக்கமான உணவுக்குத் திரும்புதல்

பன்னிரண்டு வாரம் ஆனதும் ஒரு முறை நின்று, மருத்துவரிடம் கணக்குக் காட்டாமல் தொடர வேண்டாம். திரும்பும்போது இரண்டு வாரத்துக்கு ஒரு பானம் வீதம் உணவாக மாற்றுங்கள். காலைப் பானம் போய் இரண்டு இட்லி, சாம்பார், ஒரு முட்டை வரட்டும். அந்த அளவில் எடை நிற்கிறதா என்று இரு வாரம் பார்த்துவிட்டு இரவுக்கு வரலாம். ஒரே நாளில் பழைய தட்டுக்குத் திரும்பினால் எடையும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்தே ஏறும், அப்போது நிறுத்தியிருந்த மாத்திரைகளும் கையில் இருக்காது. இந்த வாரங்களில் நடையோடு, நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் போன்ற தசைப் பயிற்சிகளை வாரம் மூன்று நாளாவது செய்வது இழந்த தசையை மீட்கும்.

மாத்திரை இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால் நோய் தணிந்திருப்பதாக மருத்துவர்கள் கொள்கிறார்கள். அப்போதும் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஹெச்பிஏ1சி, கண் விழித்திரை, சிறுநீரகப் பரிசோதனைகளைத் தொடர வேண்டும். ‘டைரக்ட்’ ஆய்விலேயே ஓராண்டில் 46 விழுக்காடாக இருந்தது இரண்டாம் ஆண்டில் 36 ஆகக் குறைந்தது. அந்த ஆய்வில், எடை இரண்டு கிலோவுக்கு மேல் திரும்பியவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் மட்டும் பகுதி மாற்று உணவு மறுபடி தரப்பட்டது. வீட்டிலும் இதையே பின்பற்றலாம்: நோட்டில் குறித்த எடையைவிட இரண்டு கிலோ கூடிய வாரத்திலேயே இரவுப் பானத்தை மட்டும் மீண்டும் தொடங்குங்கள். இதற்கிடையில் மருத்துவர் மாத்திரையை மறுபடி எழுதியிருந்தால், இந்த இரண்டாம் சுற்றுக்கும் புதிதாக ஒரு தாள் எழுதி அவரிடம் காட்டிய பிறகே தொடங்க வேண்டும்.